களியை மென்றவர்

தட்டில் களி வந்து விழுந்த சத்தம் அல்போன்ஸுக்குப் பெரிதாகக் கேட்டது. தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலையிலிருந்து அவர் பயந்துகொண்டிருந்தது அந்தச் சத்தத்துக்குத்தான்.

இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கும் அளவுக்கு உருண்டை. ஈரக்கை தடவிய மினுமினுப்போடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஷுக்கூர் பாய் கரண்டியின் அடியால் அதன் நடுவில் ஒரு குழி போட்டு மீன் குழம்பை ஊற்றினார். வறுத்த வஞ்சிரத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்.

"பத்தலைன்னா கேளுங்க. களிக்கு இங்க அளவு கிடையாது."

"எங்க சம்மந்திக்கு இது எந்த மூலைக்கு பாய்? பாலக்கோடு மண்டியில தக்காளி கிரேடு பொட்டி தூக்கற ஆளு. மூணு உருண்டை தனியா எடுத்து வைங்க," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ரோசம்மாள்.

அல்போன்ஸ் சிரித்து வைத்தார்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் தகரக்கூரை போட்ட கடை அது. ஆறே மேசை. வாசலில் வறுவல் கல்லின் முன்னால் அப்துல் ஷுக்கூர், உள்ளே அடுப்படியில் அவர் மனைவி வஹிதா. ஆற்றுக் கெண்டையும் கிடைக்கும், மங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீனும் கிடைக்கும். கூடவே ராகிக் களி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உட்கார இடம் கிடைக்காது. ரோசம்மாள் முதல் நாளே போன் போட்டுச் சொல்லி, மூலை மேசையைப் பிடித்து வைத்திருந்தாள்.

அல்போன்ஸின் மகள் அனிஷாவை ரோசம்மாளின் ஒரே மகன் அந்தோணி பிரகாஷுக்குப் பேசி முடித்திருந்தது. கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையைக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். முதல் ஓலை போன வாரம் ஆயிற்று. இன்றைக்கு இரண்டாவது ஓலையை எங்கள் பங்குக் கோவிலுக்கு வந்து கேளுங்கள், கேட்டுவிட்டு ஒன்றாகச் சாப்பிடலாம் என்று ரோசம்மாள்தான் கூப்பிட்டாள். மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு. அதற்கடுத்த புதன் கல்யாணம்.

அல்போன்ஸ் வழியிலேயே தப்பிக்கப் பார்த்தார். "எதுக்குங்க சிரமம்? டிபன் ஏதாவது சாப்டுட்டுக் கிளம்பறோமே" என்றார். "பன்னெண்டு மணிக்கு இட்லி தின்னுட்டுப் போவறதுக்கா பூட்டி வெச்ச வூட்ட வுட்டு வந்தீங்க?" என்று ரோசம்மாள் வாயை அடைத்துவிட்டாள்.

அவருக்குக் களி இறங்குவதில்லை. களி மட்டுமல்ல, சோறும் இறங்குவதில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் நெஞ்சுக்கு நடுவில் ஏதோ ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. தண்ணீர் குடித்தால் போய்விடும். பிறகு தண்ணீருக்கும் போகவில்லை. நல்லவேளையாக அது தவக்காலம். ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார். "இந்த வருஷம் ஒரேயடியா பக்தி வந்துடுச்சே" என்று இசபெல்லா புருஷனைக் கேலி செய்தாள். ஈஸ்டர் முடிந்ததும் பல்வலி என்றார். காலையில் கூழ், மண்டியில் டீயில் நனைத்த பன், ராத்திரி திரும்பவும் கூழ். உடன் வேலை செய்கிறவர்கள் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். சட்டை தொளதொளத்ததற்கு வெயில் என்று காரணம் சொன்னார். சித்திரை வெயில் எந்தப் பழியையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

என்ன வியாதி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. யாரிடமும் அவர் கேட்கவும் இல்லை. ஆனால் மண்டியில் சென்னப்பன் என்று ஒருவன் இருந்தான். இவரைப்போலவே பதினைந்து வயதில் கடைவாயில் புகையிலை வைக்கப் பழகியவன். அவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பதினோராவது மாதம் அவனைத் தூக்கினபோது தக்காளி கிரேடு அளவுக்குக்கூடக் கனமில்லை. தூக்கினவர்களில் அல்போன்ஸும் ஒருவர்.

கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதற்கும் காரணம் இருந்தது. ரோசம்மாளின் புருஷன் வயிற்றில் கட்டி வந்து ஐந்து வருடம் கிடந்து செத்தவர். நிச்சயத்தன்று வெற்றிலைத் தட்டை மாற்றுவதற்கு முன்னால் ரோசம்மாள் எல்லார் எதிரிலும் கேட்டாள்: "நகை நட்டு நான் கேக்கலை. வூட்டுல நோய்நொடி இருக்குதா, அத மட்டும் சொல்லிடுங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல அஞ்சு வருஷம் படுத்தவ நான். எம்பையன் பாதிப் படிப்ப அங்கியே தொலைச்சவன். மறுபடியும் அங்க போயிப் படுக்க எங்களால முடியாது."

"எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லீங்க," என்றார் அல்போன்ஸ். அன்று காலையில் குடித்த கூழ் நெஞ்சுக்குள் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார்.

இன்றைக்குக் கோவிலில் சாமியார் ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்தபோது அல்போன்ஸுக்கு வேர்த்துவிட்டது. ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களையும் இரத்த உறவில் கட்டுகிறவர்களையும் பிடிப்பதற்காக வைத்த வாசகம் அது. அவருக்கு அதை யாரும் விளக்கியதில்லை. பெண்ணைப் பெற்றவனின் தொண்டையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இப்போது எதிரே களி.

களியைப் பல்லால் தொடக் கூடாது. கிள்ளி எடுத்து, குழம்பில் புரட்டி, நாக்கில் வைத்து அப்படியே உள்ளே விட வேண்டும். மென்றால் பல்லெல்லாம் அப்பிக்கொள்ளும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னால் இது தெரிந்துவிடும். ஒருவன் களியை மென்றால் அவன் வெளியூர்க்காரன்.

அல்போன்ஸ் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளினார். குழம்பில் ஊறவைத்தார். வாயில் போட்டு, உதட்டை மூடிக்கொண்டு, முன்பல்லால் மெதுவாக மசித்தார். கூழாக்கிக் கூழாக்கி, எச்சிலோடு ஒரு சொட்டாக இறக்கினார். போயிற்று. அடுத்ததைக் கிள்ளினார். இப்படியே போனால் இந்த உருண்டைக்குச் சாயங்காலம் ஆகும். அதனால் நடுநடுவே களியைக் கிளறி, பரப்பி, வறுத்த மீனுக்கு அடியில் தள்ளி, சாப்பிட்டதுபோலக் காட்டினார்.

பக்கத்தில் இசபெல்லா பாதி உருண்டையை முடித்திருந்தாள். அனிஷா தலை நிமிராமல் சாப்பிட்டாள். அவளுக்கு எதிரே அந்தோணி பிரகாஷ். ஓசூரில் கம்பெனி வேலை. தன் தட்டிலிருந்த பெரிய துண்டை அவள் தட்டுக்கு எப்படி மாற்றுவது என்று தவித்துக்கொண்டிருந்தான்.

"குடுக்கறதுன்னா குடுத்துத் தொலைடா. மீன் ஆறிப்போவுது," என்றாள் ரோசம்மாள். அனிஷா களுக்கென்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அல்போன்ஸ் ஒரு நொடி வாயைத் திறந்துவிட்டார்.

"என்ன சம்மந்தி இது?" ரோசம்மாள் கையை நிறுத்தினாள். "களிய மெல்றீங்க?"

"பல்லுவலிங்க."

"பல்லுவலின்னா மெல்லத்தான கூடாது? முழுங்கறதுக்குப் பல்லு எதுக்கு?"

வறுவல் கல்லுக்குப் பின்னாலிருந்து ஷுக்கூர் பாயும் சேர்ந்துகொண்டார். "பெங்களூர்க்காரங்க வந்தாத்தான் இப்படி மெல்லுவாங்க. போன வாரம் ஒருத்தர் ஸ்பூன் கேட்டாரு."

"குடுத்தீங்களா?" என்றாள் ரோசம்மாள்.

"குடுத்தேன். ஸ்பூன் களியிலியே நின்னுக்கிச்சு. எடுக்கத் தெரியாம உட்டுட்டுப் போய்ட்டாரு."

கடை முழுக்கச் சிரித்தது. இசபெல்லா சிரிக்கவில்லை. அவள் புருஷனின் தட்டைப் பார்த்தாள். "பல்லுவலிதான் போன வாரமே சரியாப் போச்சுன்னீங்களே," என்றாள் தணிந்த குரலில்.

"சும்மா இரு."

"நேத்து ராத்திரியும் கூழ்தான் கேட்டீங்க."

"சும்மா இருங்கறேன்ல."

ரோசம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளையாட்டுப் பேச்சு பேசுகிற முகம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. ஐந்து வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தவளின் கண் அது. ஒருவர் எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு ஒதுக்கினார் என்று பார்த்துப் பழகிய கண். அது இன்னும் கொஞ்சநேரம் தன் தட்டிலேயே நின்றால் எல்லாம் முடிந்துவிடும் என்று அல்போன்ஸுக்குத் தோன்றியது.

ஒரே ஒரு வாய். ஒரே ஒரு வாய் முழுங்கிக் காட்டிவிட்டால் போதும்.

எலுமிச்சை அளவுக்குப் பிடுங்கினார். குழம்பில் ஒரு புரட்டு. மண்டியில் முதல் கிரேடைத் தோளுக்கு ஏற்றும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, வாயில் போட்டுத் தள்ளினார்.

தொண்டையைத் தாண்டிவிட்டது. "அப்படிப் போடுங்க!" என்றாள் ரோசம்மாள். அடுத்த நொடி நெஞ்செலும்புக்கு நடுவில் போய் அது நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. தம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். தண்ணீர் களியின் மேல் ஏறி நின்றது. நிறைந்த குடத்தில் ஊற்றினதுபோலத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, கொல்லைப்பக்கம் கைகழுவும் இடத்துக்கு வேகமாகப் போனார்.

எல்லாம் திரும்ப வந்தது. போட்ட உருண்டை போட்டபடியே வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அது கரைந்து போகும்வரை நின்றார்.

"என்னாச்சுங்கண்ணா?"

அடுப்படிக் கதவில் வஹிதா நின்றிருந்தாள். கையில் களி கிண்டும் துடுப்பு.

அல்போன்ஸ் மார்பைத் தடவிக்கொண்டார்.

"முள்ளுங்களா?"

அந்த வார்த்தை அவருக்கு வானத்திலிருந்து விழுந்ததுபோல இருந்தது. முள்! மீன் கடையில் முள் மாட்டுவதை யார் சந்தேகப்படுவார்கள்? வேகவேகமாகத் தலையாட்டினார். "ஆமாங்க. முள்ளுதான். முள்ளு."

அதுதான் அவர் செய்த தப்பு.

"ஐயய்யோ, இவங்களுக்கு முள்ளு மாட்டிக்கிச்சு!" என்று வஹிதா உள்பக்கம் பார்த்துக் கத்தினாள். அவ்வளவுதான், கடையே எழுந்துவிட்டது. இசபெல்லா கழுவாத கையோடு ஓடி வந்தாள். அந்தோணி பிரகாஷ் அவரைத் தாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். பக்கத்து மேசையில் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டி ஆட்கள் மூன்று பேர். உடம்பெல்லாம் கல்தூசி. அதில் மூத்தவன் சொன்னான்: "ஒண்ணும் பயப்படாதீங்க. வெறும் களி ஒரு உருண்டை முழுங்குங்க. முள்ள இழுத்துக்கிட்டுப் போயிரும்."

"குழம்பு ஊத்தாம."

"சூடா இருக்கணும். ஆறினது பிடிக்காது."

"பெருசா முழுங்கணும். சின்னதா முழுங்குனா முள்ளு பக்கத்துல நழுவிடும்."

இந்த ஊரில் இதற்கு வேறு வைத்தியம் கிடையாது என்பது அல்போன்ஸுக்குத் தெரியாதா? தன் மகளுக்கு ஏழு வயதில் கெண்டை முள் மாட்டியபோது அவரே களி உருட்டிக் கொடுத்திருக்கிறார். முள் என்று சொன்ன வாய் இதை எப்படி மறந்தது? வஹிதா அதற்குள் சட்டியிலிருந்து சூடான களியைத் துடுப்போடு கொண்டுவந்துவிட்டாள்.

"எங்கிட்ட குடும்மா," என்றாள் ரோசம்மாள். கையைத் தண்ணீரில் நனைத்து, சூட்டோடு களியைப் பிய்த்து உருட்டினாள். நெல்லிக்காயைவிடப் பெரிது. சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றி உருட்டி, வழவழவென்று ஆக்கி, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"தொறங்க சம்மந்தி."

"தானா போயிடுங்க. விட்டுடுங்க."

"போவாது. தொறங்க."

"வஞ்சிரத்துல ஏதுங்க அப்படி மாட்டற முள்ளு?" ஷுக்கூர் பாய் கரண்டியோடு வந்து நின்றார். அவர் முகம் வாடியிருந்தது. "நடு எலும்பு ஒண்ணுதான். நானே பார்த்து வெட்டினது. இருபது வருஷத்துல எங்கடையில ஒருத்தருக்கும் இப்படி ஆனதில்லீங்க."

அனிஷா குனிந்து அப்பாவின் தட்டைப் பார்த்தாள். வறுத்த துண்டை ஒரு விரலால் தூக்கினாள். அடியில் களி குழைந்து கிடந்தது. மீனின் மேல்தோலில் மசாலா ஒரு கீறல்கூட இல்லாமல் வைத்தது வைத்தபடி இருந்தது. குழம்புத் துண்டும் அப்படியே.

"அப்பா," என்றாள். "நீ மீனத் தொடவே இல்லியே."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ரோசம்மாளின் கை அங்கேயே நின்றுவிட்டது. போர்வண்டிக்காரர்கள் தங்கள் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தார்கள். கல்லில் ஏதோ ஒரு மீன் கருகிக்கொண்டிருந்தது, பாய் அதைக் கவனிக்கவில்லை.

குழம்பில் இருந்த முள் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அல்போன்ஸ் வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு விஷயம் பாதி தெரிந்துவிட்டது. மீதியைத் தெரிந்துகொள்ளப் பயந்துகொண்டு நின்றாள்.

"முள்ளு இல்லீங்க சம்மந்தி," என்றார். "எனக்குக் களி எறங்க மாட்டேங்குது. சோறும் எறங்கல."

"எத்தினி நாளா?"

"தவக்காலத்துல இருந்து."

ரோசம்மாள் வாய்க்குள் எதையோ எண்ணினாள். "அப்படின்னா நிச்சயத்துக்கு முன்னாலியே."

"ஆமாங்க."

"எல்லாரு எதிரிலியும் கேட்டேன்."

"கேட்டீங்க. நாந்தான் பொய் சொன்னேன். இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. ஆயி மேல ஆணையாத் தெரியாது."

இசபெல்லா பக்கத்திலிருந்து அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு, அழாமல் மூச்சு வாங்கினாள். "எலும்புதான் இருக்குது. வெயிலு வெயிலுன்னு சொன்னான் பாவி. நானும் நம்பிக்கிட்டுக் கூழ் காய்ச்சி ஊத்தினேன்."

"அம்மா," என்றான் அந்தோணி பிரகாஷ்.

"நீ பேசாத இரு."

ரோசம்மாள் உட்கார்ந்தாள். உருட்டிய களி இன்னும் அவள் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்: "தண்ணி எறங்குதா?"

"மெதுவாக் குடிச்சா எறங்குது."

"ரத்தம் கித்தம் வாந்தி எடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"ஆஸ்பத்திரிக்கு?"

"போவல."

"ஏன்?"

சென்னப்பனை இங்கே கொண்டுவந்து நிறுத்த அல்போன்ஸுக்குத் தைரியம் இல்லை.

"நாளைக்குக் காலையில தர்மபுரி பெரியாஸ்பத்திரி. ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு போடுவாங்க. ஆறேமுக்காலுக்கு நான் கேட்டாண்ட நிப்பேன். எந்த ரூம்பு, யாரைப் பார்க்கணும், எல்லாம் எனக்குத் தெரியும்." எரிச்சலோடுதான் சொன்னாள். வாங்கிய பொருளில் ஓட்டை இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க வந்தவளின் குரல் மாதிரியும் இருந்தது, சொந்தக்காரியின் குரல் மாதிரியும் இருந்தது. எது என்று அல்போன்ஸால் பிரிக்க முடியவில்லை.

இசபெல்லாதான் கேட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. "மூணாவது ஓலைங்க?"

அனிஷா அம்மாவின் கையை அழுத்தினாள். ரோசம்மாள் நிமிர்ந்து அனிஷாவைப் பார்த்தாள்.

"ஓலைய நிறுத்தணும்னா சாமியார்கிட்ட நாந்தான் போயிச் சொல்லணும்," என்றாள். "நான் இன்னும் போவல."

'இன்னும்' என்ற சொல் அல்போன்ஸின் காதுக்குள்ளேயே நின்றுவிட்டது.

வஹிதா ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். களியை வெந்நீரில் கரைத்து, குழம்பின் தெளிவை மேலே விட்டிருந்தாள். "கட்டி இல்லாம வடிகட்டித்தான் கொண்டாந்தேங்கண்ணா. மெதுவாக் குடிங்க. அவசரமில்ல." சின்ன ஸ்பூன் ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள். பெங்களூர்க்காரர் விட்டுப்போன ஸ்பூனாக இருக்கலாம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அல்போன்ஸ் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டார். மேசையில் இருந்த நான்கு பேரும் அவருடைய தொண்டையைப் பார்த்தார்கள். இறங்கியது. அடுத்த ஸ்பூனுக்குக் காத்திருந்தார்கள்.

அவருக்காக உருட்டிய களி ரோசம்மாளின் கையில் ஆறிப்போயிருந்தது. கீழே போட அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. குழம்பு தொடாமல், மெல்லாமல், அப்படியே வாயில் போட்டு முழுங்கினாள். அவள் கழுத்தில் அது ஏறி இறங்கிப் போவதை அல்போன்ஸ் ஸ்பூனைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைய எதுக்குப் பார்க்கறீங்க?" என்றாள் ரோசம்மாள். "குடிங்க."